அவ கூப்பிட்டா எனக்குக் கேக்கணும்

1

“…பின்ன எப்பிடி மக்கா தெரியும், இது ஓடுதா நிக்குதான்னு?” என்றார் அப்பா.

குழித்துறைக்குப் பக்கத்தில் எங்கள் வீட்டு முன்னறை. மேசைக்குக் கீழே புதுக் கம்ப்யூட்டர். பாதிப் பாகங்களை நான் அயர்லாந்திலிருந்து சுமந்து வந்திருந்தேன். மீதியை மார்த்தாண்டத்தில் கடை வைத்திருக்கும் பிரதீப் கொண்டு வந்தான். இருவரும் தரையில் பாய் விரித்து உட்கார்ந்து கோர்த்து முடித்திருந்தோம். அது ஓடிக்கொண்டுதான் இருந்தது. சின்னதாக ஒரு வெள்ளை விளக்கு எரிந்ததைத் தவிர வேறு அடையாளம் இல்லை. அப்பா குனிந்து காதை வைத்தார். பிறகு, பிள்ளைக்குக் காய்ச்சல் பார்ப்பதுபோலப் புறங்கையால் தொட்டுப் பார்த்தார். அதன் பிறகுதான் அப்படிக் கேட்டார்.

கேட்டுவிட்டு அவர் என்ன செய்தார் என்பதைச் சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். நேராகச் சொன்னால் வயதானவருக்குக் கோட்டி பிடித்துவிட்டது என்று நினைப்பீர்கள். ஆகவே முதலிலிருந்து வருகிறேன், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். அம்மா போய் இந்த வாரத்தோடு ஒரு வருஷம் ஆகிறது. இங்கே அயர்லாந்தில் வெளியே மழை, எனக்கு இன்று வேலை இல்லை. “ஒரு ஆளு கிடைச்சா விடமாட்டீங்க, பேசியே கொன்னுருவீங்க” என்பாள் என் மனைவி. அவள் ஆஸ்பத்திரிக்கு டியூட்டிக்குப் போய்விட்டாள். மகள் பள்ளிக்கூடத்தில். ஆள் கிடைக்கவில்லை, எழுதுகிறேன்.

2

என் அப்பா தாசையன் மீன் லாரி ஓட்டியவர். கடியப்பட்டணத்தில் ஐஸ் போட்டு ஏற்றினால் கொல்லம் சந்தை, சில நாள் கொச்சி. சர்க்கரை வியாதியில் அவருடைய வலது பாதம் மரத்துப்போயிற்று. பிரேக்கில் கால் இருக்கிறதா இல்லையா என்று குனிந்து பார்த்துத்தான் தெரிந்துகொள்ளவேண்டும் என்ற நிலை வந்த அன்று, சாவியை முதலாளியின் மேசையில் வைத்துவிட்டு பஸ் பிடித்து வீட்டுக்கு வந்துவிட்டார். “காலு எனக்கிட்ட பொய் சொல்லுது மக்கா. பொய் சொல்லுத காலோட எறக்கத்துல எறங்கப்பிடாது” என்றார். அதற்கு மேல் அதைப்பற்றி அவர் பேசியதில்லை.

ஆனால் சும்மா இருக்கத் தெரியாத மனிதர். பஸ்ஸில் போனால் டிரைவருக்குப் பின்னால் உட்கார்ந்து, “கியர மாத்துடே, கியர மாத்து” என்பார். இரண்டு டிரைவர்கள் அவரைப் பார்த்தால் நிறுத்தாமலே போக ஆரம்பித்தார்கள். அந்தச் சமயத்தில் நான் விடுப்பில் ஊருக்கு வந்திருந்தேன். கல்யாணத்துக்கு முன்னால் நான் ஆசைப்பட்டு வாங்கிய கேமிங் கம்ப்யூட்டர் பரணில் கிடந்தது. அதை இறக்கித் துடைத்து, லாரி ஓட்டும் விளையாட்டு ஒன்றைப் போட்டு, மேசையில் ஒரு ஸ்டீயரிங்கையும் முடுக்கி வைத்தேன். ஆக்சிலேட்டரையும் பிரேக்கையும் ஸ்டீயரிங்குக்குப் பின்னால் விரலால் இழுப்பதுபோல மாற்றிக் கொடுத்தேன். பொய் சொல்லும் காலுக்கு அங்கே வேலையில்லை.

அப்பா முதல் நாளே அந்த விளையாட்டில் வரும் ஐரோப்பாவைக் குறை சொன்னார். “என்ன ரோடுலே இது? ஒரு மாடு இல்ல, ஒரு சாயாக்கடை இல்ல. மனுசன் எப்பிடி வண்டி ஓட்டுவான்?” ஒவ்வொரு வளைவிலும் ஹாரன் அடித்தார். எதிரில் வந்த லாரிக்கு விளக்கைப் போட்டு வணக்கம் வைத்தார். அது பதில் வணக்கம் வைக்காததில் அவருக்கு வருத்தம்.

இங்கே எனக்கு ஆஸ்பத்திரிச் சமையலறையில் காலை ஷிஃப்ட். மத்தியானம் முடிந்து வீட்டுக்கு வந்தால் ஊரில் சாயங்காலம். நானும் இங்கே என் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து, இணையம் வழியாக அதே விளையாட்டில் சேர்ந்துகொள்வேன். அவர் லாரி முன்னால் போக, என் லாரி பின்னால் போகும். காதில் ஹெட்போன். நீங்களும் பார்த்திருப்பீர்கள், வெளிநாட்டு மகனுக்கும் ஊரிலிருக்கும் அப்பாவுக்கும் போனில் என்ன பேச்சு நடக்கும்? “சாப்பிட்டியா?” “சாப்பிட்டேன்.” “மழையா?” “மழைதான்.” “செரி, வைக்கட்டா?” அவ்வளவுதான். லாரி ஓட்டும்போது அப்படியில்லை. கைக்கு ஒரு வேலை இருந்ததால் வாய் தானாகத் திறந்தது. அவர் சின்ன வயதில் அழுத ஒரே நாளைப் பற்றிக்கூட ஜெர்மனியில் ஒரு பாலத்தின் மேல் வைத்துத்தான் சொன்னார்.

அம்மா அடுக்களையிலிருந்து சத்தம் போடுவாள். “அப்பனும் மோனும் ஆளுக்கொரு தேசத்துல இருந்துகிட்டு, இல்லாத லாரியில இல்லாத மீன கொண்டு போறானுவ. இருக்கப்பட்ட மீன வாங்கிட்டு வர இந்த வீட்ல ஒருத்தன் இல்ல!”

அவள் குரல் அப்படி. பெயர் நேசபாய். அவள் கூப்பிட்டால் பஸ் நிறுத்தத்தில் நிற்பவன் திரும்பிப் பார்ப்பான். சபையில் பாட்டு எடுத்துக் கொடுப்பவள் அவள்தான், மைக் கொடுத்தால், “எனக்கெதுக்கு?” என்று தள்ளிவைப்பாள்.

இன்னொரு விஷயம், எங்கள் வீட்டில் எல்லாப் பொருளும் சட்டை போட்டிருக்கும். மிக்சிக்கு உறை, டி.வி.க்கு உறை, கேஸ் சிலிண்டருக்குப் பாவாடை, ரிமோட்டுக்குக்கூட ஒரு பை. எல்லாம் அம்மா பழைய சேலையில் ஃப்ரில் வைத்துத் தைத்தது. கம்ப்யூட்டருக்கும் ஒன்று தைத்தாள். அவளுடைய நீலச் சேலையில். நல்லதுதான், தூசி அடையாது என்று நானும் நினைத்தேன்.

3

அம்மாவுக்குப் பக்கவாதம் வந்தது. வலது பக்கம் முழுக்கப் போயிற்று. அதைவிட, அந்தக் குரல் போயிற்று. மிச்சமிருந்தது, பக்கத்தில் காதை வைத்தால் கேட்கிற ஒரு காற்று.

முன்னறையை ஒட்டிய உள்ளறையில் கட்டில் போட்டார்கள். கதவைச் சாத்துவதில்லை. அவள் படுத்திருந்தபடியே அப்பாவின் முதுகையும் மேசையையும் பார்க்கலாம். பகலில் உதவிக்கு ஒரு பெண் வந்துவிட்டுப் போவாள். சாயங்காலம் இரண்டு பேரும் தனியாகத்தான்.

கம்ப்யூட்டருக்கும் அப்போது வயதாகிவிட்டிருந்தது. விளையாட ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்தில் உள்ளே இருக்கும் ஃபேன்கள் இரைய ஆரம்பிக்கும். ஹெட்போனில் எனக்கே கேட்கும், யாரோ பக்கத்தில் மாவு மில் ஓட்டுவதுபோல.

ஒருநாள் அப்பா தாமாகவே போன் செய்தார். அவர் எப்போதும் மிஸ்டு கால்தான் கொடுப்பார். அன்று நான் எடுக்கும்வரை விடவில்லை.

“மக்கா, எனக்கொரு பெட்டி செஞ்சு தரணும் நீ. சத்தமே வரப்பிடாது.”

“ஏன்பா, அம்மாவுக்கு உறக்கம் கெடுதா?”

“அவ உறக்கத்துக்கு இல்ல. நேத்து குடிக்க இத்திரி வெள்ளத்துக்கு அவ கூப்பிட்டிருக்கா. எனக்குக் கேக்கல. டம்ளர எடுத்துக் கட்டில்ல தட்டியிருக்கா. அதுவும் கேக்கல. நான் எழும்பிப் போய்ப் பாக்கேன், டம்ளர் தரையில கிடக்கு, அவளுக்க கை கட்டிலுக்கு வெளிய தொங்குது. கண்ணு மட்டும் எனக்க முதுகையே பாத்துகிட்டு கிடக்கு. அவ கூப்பிட்டா எனக்குக் கேக்கணும் மக்கா. அவ்வளவுதான்.”

கொஞ்ச நாளைக்கு விளையாடாமல் இருந்தால் என்ன என்று கேட்டேன்.

“இருந்து பாத்தேன். சும்மா அவ பக்கத்துல இருந்து மொகத்தையே பாத்தா அவளுக்கு அழுகை வருது. போய் லாரிய எடுங்கன்னு கண்ணால காட்டுதா. நான் அங்க இருந்து யாரையாவது ஏசிகிட்டு ஓட்டினா அவளுக்குச் சிரிப்பு வரும்.” பிறகு சொன்னார், “நல்ல சாமானாப் போடு. பத்து வருசம் நிக்கணும். அடிக்கடி பிரிச்சுப் போட்டுகிட்டு இருக்க முடியாது, வீட்ல ஆளு கிடக்குல்லா.”

டாக்டர் என்ன சொல்லியிருந்தார் என்பது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். பத்து வருஷம் என்று அவர் கேட்டது எதற்கு என்று நான் கேட்கவில்லை. சரி என்றேன்.

4

படித்து வந்த வேலை இல்லை எனக்கு இது. வீடியோ பார்த்து, இணைய மன்றங்களில் கேள்வி கேட்டு, கெடுத்துக் கெடுத்துக் கற்றுக்கொண்டதுதான். அமைதியாக ஓடும் கம்ப்யூட்டர், அதுவும் நாள்பட நிற்பது, கடையில் போய் எடுத்துக்கொடு என்றால் கிடைக்காது. ஒவ்வொன்றாக யோசிக்கவேண்டும். சுழலும் ஹார்ட் டிஸ்க் கூடாது. சின்ன ஃபேன் வேகமாகச் சுற்றினால் கத்தும். பெரிய ஃபேன் மெதுவாகச் சுற்றினால் கத்தாது. கிராஃபிக்ஸ் கார்டு தேவைக்கு ஒரு படி மேலாக வாங்கி அதனிடம் பாதி வேலைதான் வாங்கவேண்டும். பவர் சப்ளையும் அப்படியே. இதை அப்பாவிடம் விளக்கியபோது அவருக்குச் சட்டென்று பிடித்துவிட்டது.

“வண்டி பத்து டன் தாங்கும்ணா நான் ஏழுதான் ஏத்துவேன். முதலாளி கத்துவான். அதே காரியம் தானே?”

“அதே காரியம்தான்பா.”

“அப்போ இத்தன படிச்சவனுவ எல்லாம் எனக்க முதலாளி போலத்தான் பெட்டி செய்யுதானுவ.”

எங்கள் ஊர் மின்சாரம் ஏறி இறங்கும். அதற்கு ஒரு யூபிஎஸ். தூசிக்கு வடிகட்டி. என் மகள் ஜெஸிக்குப் பதினான்கு வயது, இங்கேயே பிறந்தவள். என்னோடு பேசுவதே குறைந்துபோன பருவம். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். நான் தமிழில் கேட்பேன், அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். ஃபேன்களின் சத்தத்தைப் பதிவுசெய்து வைத்திருக்கும் தளங்களை எடுத்துத் தருவாள். இருவரும் கண்ணை மூடிக்கொண்டு, ஒன்றுமே இல்லாததுபோல இருக்கும் சத்தங்களைக் கேட்டு எது கம்மி என்று சண்டை போடுவோம். ஒருநாள் அவள் தமிழில், “பாட்டி வாய்ஸ் எவ்ளோ சின்னது அப்பா?” என்று கேட்டாள். அதைவிடச் சின்னதாக இருக்கவேண்டுமே ஃபேன், அதற்காகத்தான். ஊருக்குப் போனபோதெல்லாம் அவள் காதைப் பொத்திக்கொண்டு ஓடிய குரல் அது.

இதற்கிடையே பழைய பெட்டியைக் கொஞ்சமாவது அடக்க முடியுமா என்றும் பார்த்தேன். “அப்பா, பின்பக்கம் காத்து வெளிய போக எடம் இருக்கா?” என்று கேட்டேன்.

“இருக்கு மக்கா. சுவருக்கும் அதுக்கும் ஒரு முழம் இருக்கு.”

அப்படியானால் வயதுதான் காரணம் என்று முடிவு கட்டினேன். வீடியோ காலில் போனை மானிட்டரில் சாய்த்துத்தான் வைப்பார்; எனக்கு அவர் முகம் தெரியும், பின்னால் கட்டிலில் அம்மாவின் முகம் மங்கலாகத் தெரியும். மேசைக்குக் கீழே நான் பார்த்ததே இல்லை.

5

நான் கொண்டுபோகவேண்டிய பாகமெல்லாம் என் வீட்டில் வந்து சேர்ந்துவிட்டது. நான் கிளம்பவேண்டியதுதான் பாக்கி. அப்போது என் குடியிருப்பு அட்டை காலாவதியாகி, புதுப்பிக்க விண்ணப்பித்துக் காத்திருந்த நேரம். வெளியே போகலாம், திரும்ப உள்ளே விடுவார்கள் என்பதற்கு உறுதியில்லை. அலுவலகத்துக்குப் போன் செய்தால் இசை வரும். அந்த இசை எனக்கு இப்போதும் மனப்பாடம். கடைசியில் ஒரு பெண் எடுத்து, மிக இனிமையாக, உங்கள் விண்ணப்பம் வரிசையில் இருக்கிறது என்றாள். அம்மாவும் வரிசையில்தான் இருந்தாள். அதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது?

அம்மா ஒரு காலையில் போய்விட்டாள். உறக்கத்திலேயே போனாள், யாரையும் கூப்பிடவில்லை என்றார் அப்பா. அதை எப்படி அவ்வளவு உறுதியாகச் சொல்கிறார் என்று நான் கேட்கவில்லை. நல்லவேளை கேட்கவில்லை.

வேலைக்குப் போய் மேற்பார்வையாளரிடம், “மை மதர் எக்ஸ்பயர்ட்” என்றேன். நாம் ஊரில் அப்படித்தானே சொல்வோம்? அவர் பால் டப்பாக்களைக் கையில் எடுத்துத் தேதி பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு கணம் புரியாமல் விழித்தார். இங்கே அந்தச் சொல் பாலுக்கு, ரொட்டிக்கு, என் அட்டைக்கு. புரிந்ததும் டப்பாவைக் கீழே வைத்துவிட்டு என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். அவ்வளவு நல்ல மனிதர். அவருடைய ஏப்ரனில் வெங்காய வாசம். அம்மாவுக்கு நான் அழுதது அங்கேதான்.

அடக்கத்தை பிரதீப் போனில் காட்டினான். அவன் என் அம்மாவின் தையல் கூட்டாளியின் மகன்; அப்பாவை மாமா என்பான். கல்லறைத் தோட்டத்தில் சிக்னல் விட்டுவிட்டு வந்தது. பாட்டு பாதியில் நின்று, படம் உறைந்து, மறுபடி வந்தபோது மண் போட்டு முடித்திருந்தார்கள்.

6

அட்டை வந்தது, அதற்கான ஆள் போன பிறகு.

பாகங்களைப் பெட்டியில் வைத்து எடுத்துக்கொண்டு புறப்பட்டேன். ஏன் என்று என் மனைவி கேட்கவில்லை. ஜெஸி மட்டும் ஃபேன்களைத் தன் ஸ்வெட்டரில் சுற்றி வைத்துக் கொடுத்தாள். வாங்கியாயிற்று, அப்பாவுக்கு வாக்குக் கொடுத்தாயிற்று, வேறு எதைக் கொண்டுபோய் அவர் முன்னால் நிற்பது?

விமான நிலையத்தில் மலையாளிச் சுங்க அதிகாரி ஒருவர் பெட்டியைத் திறக்கச் சொன்னார். உள்ளே தகடு தகடாக அடுக்கிய கனமான இரும்புக் கட்டி மாதிரி இருந்த குளிர்விப்பானைக் கையில் எடுத்துப் புரட்டினார்.

“எந்தா இது?”

“கம்ப்யூட்டர் சூடாகாம இருக்க சார். சத்தம் வராது.”

“ஆர்க்கா?”

“அம்மாவுக்கு” என்று வாயில் வந்துவிட்டது.

அவர் சிரித்துவிட்டார். “அம்ம கம்ப்யூட்டர்ல களிக்குமோ? கொள்ளாம்!” என்று பெட்டியை மூடிக் கையசைத்தார். நான் திருத்தவில்லை. வாசல்வரை அப்படியே வந்துவிட்டேன், வீட்டில் அம்மா விளையாடக் காத்திருப்பதுபோல.

வீட்டில் கட்டிலை எடுத்துவிட்டிருந்தார்கள். உள்ளறைத் தரையில் நான்கு கால்களின் தடம் மட்டும் இருந்தது. அப்பா இளைத்திருந்தார். “வந்தியா மக்கா” என்றார். பிரதீப் மறுநாள் கருவிப் பையோடு வந்தான்.

அப்பா ஓட்டிய தூரமெல்லாம் பழைய பெட்டியில்தான் பதிவாகியிருந்தது. அதைப் புதியதுக்கு மாற்றவேண்டும். நானும் பிரதீப்புமாக மேசையை நகர்த்திப் பழைய பெட்டியை வெளியே இழுத்தோம்.

அதன் மேல் அம்மா தைத்த நீல உறை.

முன்பக்கத்துத் துணியை மேலே மடித்து ஊக்கு குத்தியிருந்தது. பக்கவாட்டில் ஃப்ரில். பின்பக்கம் முழுக்கத் துணி, நாடா வைத்து இறுக்கிக் கட்டி, வயர்கள் வெளியே வர மட்டும் ஒரு சின்ன ஓட்டை. காற்று வெளியேறும் இடத்தில் சேலை வட்டமாகப் பழுப்பேறியிருந்தது, இஸ்திரிப் பெட்டியை மறந்து வைத்ததுபோல.

“மாமா, ஓடும்போது இத கழத்தலியா?” என்றான் பிரதீப்.

“கழத்தினா தூசி கேறும்லா. அவ சொல்லியிருக்கா.” அப்பா உள்ளறைப் பக்கம் கையைக் காட்டினார். “அங்க கிடந்து பாத்தா அவளுக்கு இந்த ஃப்ரில் தெரியும். ஒரு பக்கம் இத்திரி மாறிக் கிடந்தாலும் கண்ணால காட்டுவா. நான் போய் நேராக்கி வைப்பேன்.”

நான் ஊரில் இருந்தவரைக்கும், பெட்டியை நிறுத்திய பிறகுதான் அம்மா உறையைப் போடுவாள். அவள் படுத்த பிறகு அப்பா அதைக் கழற்றவே இல்லை.

பிரதீப் நாடாவை அவிழ்த்தான். உறையை உதறி மடித்து ஓரத்து நாற்காலியில் வைத்தான். உள்ளே அடைந்திருந்த தூசியை ஊதிவிட்டு, சும்மா பார்ப்போம் என்று பழைய பெட்டியை ஓடவிட்டு, விளையாட்டையும் போட்டான். நாங்கள் மூன்று பேரும் காத்திருந்தோம், அது இரையட்டும் என்று. இரையவில்லை. மெல்லிய சத்தம்தான், அடுத்த அறையில் ஃபேன் ஓடுவதுபோல.

“அய்ய! இது போதுமே மாமா” என்றான் பிரதீப், சந்தோஷமாக. “இதுக்கெதுக்கு புதுசு? இந்த சத்தத்துல யாராவது கூப்பிட்டா கேக்குமே…”

சொன்ன பிறகுதான் அவனுக்கு உறைத்தது. ஸ்க்ரூடிரைவரைக் கையில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தான். அப்பா சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்துத் துடைத்தார், போட்டுக்கொள்ளவில்லை, திரும்பப் பையில் வைத்தார். பின்பக்கம் ஒரு முழம் இடம் இருக்கிறது என்று அவர் சொன்னதும் உண்மை. அவர் சுவரைச் சொன்னார்.

பழையதை நிறுத்திவிட்டு, புதியதைக் கோர்க்க ஆரம்பித்தோம். யாருக்கும் பேச்சு வரவில்லை, எனக்குக்கூட. சாயங்காலம் ஆயிற்று. சுவிட்சைப் போட்டேன். வெள்ளை விளக்கு எரிந்தது. திரையில் அப்பாவின் லாரி, எங்கே நிறுத்தினாரோ அங்கேயே நின்றுகொண்டிருந்தது.

அந்த வீட்டில் அவ்வளவு கேட்கும் என்று எனக்குத் தெரியாது. சுவர்க் கடிகாரம் கேட்டது. அடுக்களையில் குழாய் சொட்டுவது கேட்டது. சாலையில் போகும் பஸ்ஸில் கண்டக்டர் விசில் அடிப்பது கேட்டது. திறந்து கிடந்த உள்ளறை வாசல் வழியாக ஒன்றும் கேட்கவில்லை. அப்பா ஸ்டீயரிங்கில் கையை வைத்தபடி, தலையை லேசாக அந்தப் பக்கம் சாய்த்து இருந்தார். வெகுநேரம் அப்படியே இருந்தார்.

அப்புறம்தான் குனிந்து காதை வைத்ததும், புறங்கையால் தொட்டுப் பார்த்ததும், ஓடுதா நிக்குதா என்று கேட்டதும்.

“விளக்கு எரியுதுல்லா அப்பா, ஓடுது” என்றேன்.

“ஓ” என்றார். எழுந்தார். நாங்கள் ஓரமாக ஒதுக்கியிருந்த பழைய பெட்டியைத் தன் நாற்காலிக்குப் பக்கத்தில் இழுத்துப்போட்டு, வயரைச் சொருகி, சுவிட்சைப் போட்டார். ஓரத்து நாற்காலியில் மடித்து வைத்திருந்த நீல உறையை விரித்து அதன் மேல் போர்த்தினார். முன்பக்கத் துணியை மடித்து ஊக்கு குத்தினார். பின்பக்கம் போய், கஷ்டப்பட்டுக் குத்தவைத்து, நாடாவை இறுக்கிக் கட்டினார். ஃப்ரில் ஒரு பக்கம் ஏறியிருந்தது. அதை இழுத்து நேராக்கினார். சூடு ஏற ஏற உள்ளே ஃபேன்கள் ஒவ்வொன்றாக இரைய ஆரம்பித்தன. அறை முழுக்க அந்தப் பழைய சத்தம் நிறைந்து, கடிகாரமும் குழாயும் கேட்காமல் போன பிறகு, உள்ளறைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, அப்பா லாரியை எடுத்தார்.